மாலை 5.08 ரயில்: நாஷ்வில் பயணக் குறிப்புகள்

முதல் நாள், புதன்

அட்லாண்டாவில் மகள் வீட்டிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அவள் ஓட்டினாள். நான் பக்கத்து இருக்கையில், மடியில் என் பழைய டிரான்சிஸ்டரோடு உட்கார்ந்திருந்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் மத்திய அலை ஒலிபரப்பிகளோடு வாழ்ந்தவன் நான். ஓய்வுபெற்ற நாளிலிருந்தே ஓர் ஆசை: டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகருக்குத் தெற்கே நிற்கும் ஒரு வானொலிக் கோபுரத்தை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

"அப்பா, நாஷ்வில்லுக்கு எல்லாரும் பாட்டுக் கேட்கத்தான் போவார்கள்" என்றாள் மகள்.

"நாமும் கேட்போம் அம்மா. அந்தப் பாட்டு எந்த வழியாக ஊருக்கெல்லாம் போனது என்பதையும் பார்ப்போம்" என்றேன்.

அந்த நிலையத்தின் பெயர் டபிள்யூ.எஸ்.எம். மத்திய அலையில் 650 கிலோஹெர்ட்ஸ், 50,000 வாட் சக்தி. 1925 அக்டோபர் 5ஆம் தேதி முதல் முறையாகப் பேசத் தொடங்கி, நூறு வயதைத் தாண்டிவிட்டது. கன்ட்ரி இசை என்று இன்று உலகம் சொல்வதை வீட்டுத் திண்ணையிலிருந்து எடுத்துக் கொண்டுபோய் ஒரு நாடு முழுவதற்கும் கேட்க வைத்ததில் இந்த ஒரு நிலையத்துக்கு இருக்கும் பங்கு வேறு எதற்கும் கிடையாது. அங்கே ஆரம்பித்த 'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற வாராந்திர இசை நிகழ்ச்சிதான் அமெரிக்க வானொலியில் மிக நீண்ட காலமாக நடந்துவரும் நிகழ்ச்சி.

சட்டனூகா தாண்டியதும் காரின் வானொலியை 650க்குத் திருப்பினேன். பகல் நேரம், மலைப்பாங்கான இடம். முதலில் இரைச்சல்தான் மேலோங்கியது. மான்ட்ஈகிள் மலை ஏறி இறங்கியதும் குரல் துலங்கிவிட்டது. பிடிலும் ஸ்டீல் கிதாரும் கேட்டன. நடுவே அறிவிப்பாளர் அவசரமே இல்லாமல், எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல் வானிலை சொன்னார். இன்னும் 80 மைலுக்கு மேல் இருந்தது. தரையைத் தொட்டபடி வரும் அலை அது. அதன் பலம் எனக்குப் பழக்கமானதுதான்; ஆனாலும் உடம்பு சிலிர்த்தது.

இரவு விடுதி அறையில் டிரான்சிஸ்டரைத் திறந்தால் ஒரே உறுமல். எல்லாம் இந்தக் காலத்து விளக்குகளும் சார்ஜர்களும் செய்யும் வேலை. ஒவ்வொன்றாக அணைத்தேன். அறை இருட்டானதும் நிலையம் பளிச்சென்று வந்தது. பெட்டியைக் கையில் வைத்து மெல்ல வட்டமாகத் திருப்பினேன். டிரான்சிஸ்டருக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பியின் முனை ஒலிபரப்பியை நேராக நோக்கும்போது ஒலி குன்றும். அதை வைத்துக் கோபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஓரிடத்தில் பாட்டு மங்கியது. "தெற்கே" என்றேன். மகள் கைபேசியில் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள்.

இரண்டாம் நாள், வியாழன்

காலையில் ஏழாவது அவென்யூவும் யூனியன் தெருவும் சந்திக்கும் முனைக்குப் போனோம். டபிள்யூ.எஸ்.எம். பிறந்த இடம் அது. 'நேஷனல் லைஃப் அண்ட் ஆக்சிடென்ட்' என்ற இன்சூரன்ஸ் கம்பெனியின் தலைமை அலுவலகம் இங்கே இருந்தது. அதன் ஐந்தாவது மாடியில்தான் ஒலிபரப்புக்கூடம். கட்டடம் இன்று இல்லை. எங்களைத் தவிர அங்கே யாரும் நின்று பார்க்கவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வானொலி எதற்கு? அந்தக் கம்பெனி விற்றது சின்னச் சின்னப் பாலிசிகள். மில் தொழிலாளிகள், குத்தகை விவசாயிகள், கூலிக்காரர்கள்தான் வாடிக்கையாளர்கள். ஏஜென்ட் ஒவ்வொரு வாரமும் வீட்டு வாசலில் போய் நின்று சில்லறைக் காசுகளாகப் பிரீமியம் வசூலிப்பார். அப்படி வந்து நிற்பவருக்குக் கதவு திறக்க வேண்டும். அதற்கு வானொலி உதவும் என்று முதலில் கண்டவர் நிறுவனர் குடும்பத்து இளைஞர் எட்வின் கிரெய்க். மூத்தவர்கள் தயங்கினார்கள், அவர் விடவில்லை. கம்பெனியின் முழக்கமான 'வீ ஷீல்டு மில்லியன்ஸ்' என்பதன் முதல் எழுத்துகள்தான் டபிள்யூ.எஸ்.எம். லட்சோபலட்சம் பேருக்கு நாங்கள் கேடயம் என்று பொருள். 'சனிக்கிழமை ராத்திரி நீங்கள் கேட்கும் பாட்டை ஒலிபரப்புகிற கம்பெனியிலிருந்து வருகிறேன்' என்று ஏஜென்ட் சொன்னால் போதும், உள்ளே அழைத்து உட்கார வைத்தார்கள்.

ஆனால் தொடக்கத்தில் கம்பெனியின் மனத்தில் இருந்தது கிராமத்துப் பாட்டு இல்லை. நாஷ்வில் பெரிய மனிதர்கள் தங்கள் ஊரைத் 'தெற்கின் ஏதென்ஸ்' என்று சொல்லிக்கொள்பவர்கள். கிரேக்கத்துப் பார்த்தினான் கோயிலை அசல் அளவிலேயே கட்டி வைத்திருக்கும் ஊர் இது. வானொலியிலும் அவர்கள் எதிர்பார்த்தது வாத்தியக் குழுவும் செவ்வியல் இசையும் கல்விச் சொற்பொழிவும்தான். அந்தக் கணக்கை மாற்றியவர் ஜார்ஜ் டி. ஹே. மெம்ஃபிஸில் பத்திரிகை நிருபராக இருந்து, சிகாகோவின் டபிள்யூ.எல்.எஸ். நிலையத்தில் 'பார்ன் டான்ஸ்' என்ற கிராமிய இசை நிகழ்ச்சியை அறிவித்துப் பெயர் வாங்கியவர். டபிள்யூ.எஸ்.எம். அவரை அழைத்துக்கொண்டபோது வயது 30. தனக்கு வைத்துக்கொண்ட பட்டப்பெயரோ 'கம்பீரமான கிழட்டு நீதிபதி'!

1925 நவம்பர் 28, சனிக்கிழமை இரவு. அங்கிள் ஜிம்மி தாம்சன் என்ற 77 வயது பிடில்காரரை மைக்கின் முன் உட்கார வைத்தார் ஹே. அவருடைய உறவுப்பெண் ஈவா பியானோ வாசித்தார். ஒரு மணி நேரம் ஓடியது. களைத்துவிட்டீர்களா என்று ஹே கேட்டதற்கு, ஒரு மணி நேரத்தில் கை சூடாகக்கூட ஆகாதே என்று கிழவர் சொன்னாராம். தந்தியும் தொலைபேசி அழைப்பும் குவிந்தன. அந்த டிசம்பர் கடைசியிலிருந்து சனிக்கிழமை நிகழ்ச்சி நிரந்தரமாகிவிட்டது. நகரத்துப் பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். கடிதங்கள் நின்றபாடில்லை, ஆகவே நிகழ்ச்சியும் நிற்கவில்லை.

ஹேயைப் பற்றி இரண்டு விதமாகவும் சொல்லத்தான் வேண்டும். ஆரம்பகாலப் படங்களில் இந்தக் கலைஞர்கள் கோட்டும் டையுமாக நிற்கிறார்கள். அவர்களில் ஒருவரான ஹம்ப்ரி பேட், பட்டம் பெற்ற மருத்துவர். பிற்காலப் படங்களில் அதே ஆட்களுக்கு வயற்காட்டு உடுப்பும் வைக்கோல் தொப்பியும். மருத்துவரின் குழுவுக்கு ஹே வைத்த பெயர் 'பாஸம் வேட்டைக்காரர்கள்'; பாஸம் என்பது அந்த ஊர்க் காட்டுவிலங்கு. மண்ணோடு ஒட்டி வாசியுங்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது நல்ல அறிவுரை. ஆனால் அந்த மண்ணுக்கு ஒரு வேஷத்தையும் அவரே தைத்துக் கொடுத்தார். இந்த இசையை ஏளனமாகப் பார்க்கிற கண்ணுக்கு அந்த வேஷம் எவ்வளவு தீனி போட்டது என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அங்கிருந்து எட்டும் தூரத்தில் போர் நினைவு அரங்கம், உயர்ந்த தூண்களோடு. ஓப்ரி 1939இல் இங்கே வந்தது. ஒலிபரப்புக்கூடத்தில் கூட்டம் கொள்ளாமல் தியேட்டர், பிரசங்கக் கொட்டகை என்று மாறி மாறி வந்த நிகழ்ச்சி அது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த முதன்முறையாக 25 சென்ட் டிக்கெட் போட்டார்கள், கூட்டம் குறையவில்லை. அதே ஆண்டு என்.பி.சி. வானொலி வலையமைப்பு நிகழ்ச்சியின் அரை மணி நேரத்தைத் தன் நிலையங்கள் வழியே எடுத்துச்சென்றது.

பிற்பகல் முழுவதும் ரைமன் அரங்கத்தில். தாமஸ் ரைமன் என்ற நீராவிப்படகு முதலாளி ஒரு பிரசங்கத்தில் மனம் மாறி எழுப்பத் தொடங்கிய பிரார்த்தனைக் கூடம், 1892இல் நிறைவடைந்தது. 1943 முதல் 1974 மார்ச் வரை ஓப்ரி இங்கேதான் நடந்தது. நாற்காலி கிடையாது. தேவாலயத்து ஓக் மர பெஞ்சுகள்தான். நான் உட்கார்ந்த பெஞ்சின் கைப்பிடி வளைவில் மெருகு போய் மரம் எலும்புபோல் வெளுத்திருந்தது. கட்டைவிரல் வைக்கும் இடத்தில் லேசான குழிவு. எத்தனை சனிக்கிழமைகள், எத்தனை கட்டைவிரல்கள்! குளிர்சாதனம் இல்லாத கோடைகளில் காகித விசிறியோடு இங்கே புழுங்கியபடி உட்கார்ந்திருந்தவர்கள் 1949 ஜூன் 11 அன்று ஹேங்க் வில்லியம்ஸ் என்ற 25 வயது ஒல்லி இளைஞரைத் திரும்பத் திரும்பப் பாட வைத்தார்கள். மூன்றே ஆண்டுகளில் குடியால் அவர் ஓப்ரியிலிருந்து நீக்கப்பட்டார்; 1953 புத்தாண்டு நாளில் இறந்துபோனார்.

விடுதிக்குத் திரும்பும் வழியில் மகளுக்கு இன்னொரு கதையும் சொன்னேன். 1940களின் நடுவில் இந்த ஊரில் ஒழுங்கான ஒலிப்பதிவுக்கூடம் கிடையாது. ஏரன் ஷெல்டன், கார்ல் ஜென்கின்ஸ், ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்று டபிள்யூ.எஸ்.எம். பொறியாளர்கள் மூன்று பேர் நிலைய வேலையோடு வேலையாக ஒன்றை ஆரம்பித்து, பிறகு டுலேன் ஹோட்டலில் இடம் பிடித்தார்கள். 'காசில்' என்பது அதன் பெயர். நாஷ்வில்லின் இசைத்தட்டுத் தொழில் அங்கிருந்துதான் வேர் பிடித்தது. 'மியூசிக் சிட்டி' என்று இந்த ஊரை 1950இல் மைக்கில் முதலில் அழைத்தவரும் இந்த நிலையத்து அறிவிப்பாளர்தான், டேவிட் காப். பாடகர்களின் பெயர் எல்லாருக்கும் தெரியும். சாலிடரிங் இரும்பு பிடித்தவர்களின் பெயரையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

மூன்றாம் நாள், வெள்ளி

இன்று ஒரே ஒரு மனிதருக்காக ஒதுக்கிய நாள்: டிஃபோர்ட் பெய்லி.

காலையில் கன்ட்ரி இசைப் புகழ்மன்ற அருங்காட்சியகம். கட்டடத்தின் ஜன்னல்கள் பியானோ கட்டைகள்போல் அமைந்திருக்கின்றன. வட்டக்கூடத்தின் உச்சியில் ஒரு கூர்கம்பம் நிற்கிறது. இரண்டு முனையும் ஒடுங்கி நடுவில் பருத்த வடிவம். வாசலிலேயே நின்றுவிட்டேன். நான் பார்க்க வந்த கோபுரத்தின் சிறு வடிவம்தான் அது. இந்த இசைக்குக் கோயில் கட்டியவர்கள் அதன் கலசமாக ஒரு வானொலிக் கோபுரத்தை வைத்திருக்கிறார்கள்.

வட்டக்கூடத்தின் சுவரில் வெண்கலப் பட்டயங்கள். பெய்லியின் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்தோம். 1899இல் டென்னசியின் ஸ்மித் கவுன்டியில் பிறந்த கறுப்பினத்தவர். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி ஓராண்டுபோல் படுக்கையில் கிடந்தவர். படுத்தபடியே மௌத் ஆர்கனில் நாய் குரைப்பதையும் ரயில் போவதையும் ஊதிப் பழகினார். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. சிறுவனாக ரயில் பாலத்துக்கு அடியில் போய்க் கண்ணைப் பொத்திக்கொண்டு, தலைக்கு மேலே ரயில் கடப்பதைக் காதாலேயே வாங்கிக்கொள்வாராம்.

'கிராண்ட் ஓல் ஓப்ரி' என்ற பெயர் வந்த கதையே அவருடைய கதைதான். 1927 டிசம்பர் 10 இரவு. ஓப்ரிக்கு முன்னால் என்.பி.சி.யிலிருந்து வால்டர் டாம்ராஷ் நடத்தும் செவ்வியல் இசை நிகழ்ச்சி. ஹே பின்னாளில் எழுதிய கணக்கின்படி, செவ்வியல் இசையில் இயல்பை அப்படியே காட்டுவதற்கு இடமில்லை என்றாலும் இன்று ஒரு விலக்கு என்று சொல்லி, ஓர் இளம் இசையமைப்பாளரின் படைப்பை டாம்ராஷ் வாசிக்க வைத்தார். ஒரு ரயில் வண்டியின் வேகத்தை வாத்தியக் குழுவில் கொண்டுவரும் இசை அது. அது முடிந்து நாஷ்வில்லின் முறை வந்ததும், இனி எங்கள் பக்கம் இயல்பைத் தவிர வேறெதுவும் இல்லை என்ற பொருளில் பேசிவிட்டு ஹே பெய்லியை அழைத்தார். பெய்லி 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்' ஊதினார். லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வேயின் பான்-அமெரிக்கன் விரைவுவண்டி, அதன் ஊதல், சக்கரத்தின் தாளம், வளைவில் தேய்ந்து மறையும் ஓசை எல்லாம் உள்ளங்கையளவு கருவியிலிருந்து வந்தன. முடிந்ததும் ஹே சொன்னார்: இவ்வளவு நேரம் கிராண்ட் ஆப்பரா கேட்டீர்கள், இனி 'கிராண்ட் ஓல் ஓப்ரி'. ஆப்பராவின் நாட்டுப்புறக் கொச்சைதான் ஓப்ரி. அன்று ஒட்டிய பெயர் இன்றும் நிற்கிறது.

1928இல் ஓப்ரியில் வேறு எவரையும்விட அதிக முறை வாசித்தவர் பெய்லி. அதே ஆண்டு விக்டர் இசைத்தட்டுக் கம்பெனி நாஷ்வில்லுக்கு வந்து ஒலிப்பதிவு செய்தபோது அவரையும் பதிவு செய்தது. மற்ற கலைஞர்களோடு ஊர் ஊராகப் போனார். மேடையில் கைதட்டல். மேடையை விட்டு இறங்கினால் சாப்பாட்டு விடுதியில் இடமில்லை, தங்கும் விடுதியில் அறையில்லை. ஓப்ரியின் பாஞ்சோ கலைஞர் அங்கிள் டேவ் மேக்கன், இவர் என் வேலைக்காரர் என்று பொய் சொல்லித்தான் சில இடங்களில் அவருக்கு அறை வாங்கிக் கொடுத்தார். ஒரு கலைஞன் இரவு தலைசாய்க்க, வேலைக்காரன் என்ற பெயரைச் சுமக்க வேண்டியிருந்தது.

1941இல் அவரை அனுப்பிவிட்டார்கள். பாட்டுகளுக்கான உரிமத்தொகை பற்றி வானொலி நிலையங்களுக்கும் 'ஆஸ்காப்' என்ற இசையமைப்பாளர் சங்கத்துக்கும் அந்த ஆண்டு பெரிய சண்டை. சங்கத்தின் உரிமத்தில் இருந்த மெட்டுகளை நிலையங்கள் ஒலிபரப்பவில்லை. பெய்லியின் பிரபலமான உருப்படிகள் அதில் மாட்டிக்கொண்டன. புதிதாக எதையாவது வாசி என்றார்கள். நேயர்கள் அவரிடம் கேட்டதோ அந்தப் பழைய ரயிலைத்தான். கடைசியில் வேலை போனது. 1945இல் வெளியிட்ட நூலில் ஹே அவரைச் சோம்பேறி என்று எழுதினார், அதற்கு அவருடைய இனத்தையும் துணைக்கு இழுத்தார். பதினைந்து ஆண்டுகள் நிலையத்துக்காக ஊதிய மனிதரைப் பற்றி, அவரை அறிமுகப்படுத்திய வாயே சொன்ன சொல் இது. இதைப் படித்த நாளிலிருந்து ஹேயை முன்போல் என்னால் கொண்டாட முடியவில்லை.

அதன்பிறகு பெய்லி எட்ஜ்ஹில் பகுதியில் ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். பிற்பகலில் அந்தத் தெருக்களில் நடந்தோம். பழைய வீடுகளுக்கு நடுவே புது அடுக்குமாடிகள் முளைத்திருக்கின்றன. 1974இல் ஓப்ரி மேடைக்குச் சில முறை திரும்ப வந்து வாசித்தார். 1982இல் காலமானார். புகழ்மன்றப் பட்டயம் 2005இல்தான் வந்தது. 2023இல் ஓப்ரி அவர் நடத்தப்பட்ட விதத்துக்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அவருடைய பேரன் அந்த மேடையில் பாடினார்.

மாலையில் கிரீன்வுட் கல்லறைத் தோட்டம். அவருடைய நினைவுக்கல் 1983இல் நிறுவப்பட்டது. மகள் வழியில் வாங்கி வந்த மஞ்சள் சாமந்தியை வைத்தாள். பக்கத்துச் சாலையில் வண்டிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. டிரான்சிஸ்டர் பையில் இருந்தது. அங்கே 650ஐத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

நான்காம் நாள், சனி

காலையில் ஓப்ரிலேண்ட் விடுதி. அதன் முகப்புக்கூடத்தில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் டபிள்யூ.எஸ்.எம். ஒலிபரப்புக்கூடம். உள்ளே ஒருவர் காதில் ஹெட்ஃபோனோடு பேசிக்கொண்டிருந்தார். வெளியே குழந்தைகள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்தார்கள். அவர் பேச்சை நிறுத்தாமலே கையசைத்தார்.

இந்தக் குரல் ஒரு முறை நின்றுபோகப் பார்த்தது. 2002ஐ ஒட்டி, அப்போதைய உரிமையாளர்கள் இந்த அலைவரிசையை விளையாட்டுப் பேச்சுக்கு மாற்றிவிடலாமா என்று யோசித்தார்கள். செய்தி கசிந்ததும் நேயர்களும் கலைஞர்களும் திரண்டு எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. 2010 மே மாதம் கம்பர்லண்ட் ஆறு கரைபுரண்டபோது இந்த விடுதியும் பக்கத்து ஓப்ரி அரங்கமும் மூழ்கின. அரங்க மேடையில் கிட்டத்தட்ட நான்கு அடித் தண்ணீர். நிலையத்தார் பிரென்ட்வுட்டில் கோபுரத்தடிக் கட்டடத்துக்கே போய் அங்கிருந்து ஒலிபரப்பினார்கள். அந்த வாரமே ஓப்ரி நகருக்குள் திரும்பிப்போய்ப் பழைய போர் நினைவு அரங்கத்தில் நடந்தது. செப்டம்பர் 28 அன்று சொந்த மேடைக்கு மீண்டது.

இரவு ஓப்ரி பார்த்தோம். மேடை நடுவே ஆறடி விட்டமுள்ள மர வட்டம் ஒன்று பதிக்கப்பட்டிருக்கிறது. 1974இல் ரைமன் மேடையிலிருந்து அறுத்து எடுத்து வந்த ஓக் பலகைகள். வெள்ளத்தில் மூழ்கியும் பிழைத்தவை. வட்டத்துக்குள் காலெடுத்து வைக்கும் முன் ஓர் இளம் பாடகி ஒரு கணம் கீழே குனிந்து பார்த்தார். அறிவிப்பாளர் மேடை ஓரத்தில் தாளை வைத்துக்கொண்டு விளம்பரத்தை நேரலையில் வாசிக்கிறார். பின்னால் அடுத்த குழு தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கிறது. பார்ப்பவர்களுக்காக எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை. இது முதலில் வானொலி, பிறகுதான் மேடை. எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

பிரென்ட்வுட். நகரிலிருந்து தெற்கே நெடுஞ்சாலையில் வந்தால் மரங்களுக்கு மேலே திடீரென்று எழுகிறது. மகளை ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

என்ன அழகு! 1932இல் பிளா-நாக்ஸ் கம்பெனி கட்டியது. தறியில் ஓடும் நாடாவைச் செங்குத்தாக நிறுத்தியதுபோல் ஒரு வடிவம். மேலே ஊசி, நடுவில் அகன்ற இடுப்பு, கீழே மறுபடியும் ஊசி. இழுகம்பிகள் அந்த இடுப்பிலிருந்து மட்டும் நாலாபுறமும் இறங்குகின்றன. இத்தனை இரும்பும் அடியில் மின்சாரத்தைத் தடுக்கும் ஒரே ஒரு பீங்கான் காப்பின்மேல் நிற்கிறது. கோபுரம் முழுவதுமே ஆன்டெனா. அதனால் தரையில் படக்கூடாது. வளாகத்துக்கு வேலி போட்டிருக்கிறார்கள், உள்ளே போக முடியாது. தொலைநோக்கியில் அடிமுனையைத் தேடிக் கண்டேன். இதைவிடச் சிறிய கோபுரங்களின் கீழே மழைக்காலங்களில் நின்று அந்தப் பீங்கானைத் துடைத்துச் சுத்தம் செய்திருக்கிறேன். கையில் அதன் குளிர்ச்சி நினைவுக்கு வந்தது.

கட்டியபோது உயரம் 878 அடி. அன்று அமெரிக்காவிலேயே உயரமான வானொலிக் கோபுரம். 1939இல் 808 அடியாகக் குறைத்தார்கள். மகள் காரணம் கேட்டாள். இரவில் மத்திய அலை இரண்டு வழியாகப் போகும்: ஒன்று தரையோடு, மற்றொன்று வானில் ஏறி, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும். அங்கே ஒலி ஏறி இறங்கும், சில நேரம் கரகரத்துச் சிதையும். 650 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறத்தாழ 461 மீட்டர். அந்தக் கணக்குக்கு 878 அடி கூடுதல். வானுக்கு ஏறும் அலை பக்கத்திலேயே இறங்கி வம்பு செய்தது. 70 அடியை எடுத்ததும் அந்தச் சண்டை தள்ளிப்போனது. பெரிதாகக் கட்டிய ஒன்றைக் காது சொல்வதைக் கேட்டுக் குறைத்த அந்தப் பொறியாளர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 2011இல் கோபுரம் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டில் சேர்ந்தது.

கோபுரத்துக்குப் பக்கத்தில் ரயில் பாதை. பெய்லி ஊதிய அதே பான்-அமெரிக்கன் வண்டி இந்தத் தடத்தில்தான் தெற்கே போகும். 1933இல் நிலையத்தார் தண்டவாளத்தருகே ஒரு மைக்கை வைத்தார்கள். நாள்தோறும் மாலை 5.08க்கு வண்டி கோபுரத்தைக் கடக்கும்போது ஊதல் ஒலி நேரலையில் போகும். ஓட்டுநர்களும் அதற்கென்றே இழுத்து ஊதுவார்கள். ரயிலையே பார்த்திராத மலையூர்களில் அதைக் கேட்டுக் கடிகாரம் திருத்தினார்கள்.

ஆறு ஆண்டுகளாகப் பெய்லி காற்றில் கொண்டுவந்த ரயிலுக்குப் பக்கத்தில் அசல் ரயிலும் வந்து சேர்ந்தது. பிறகு பெய்லி போனார், ரயில் ஒலிபரப்பு நின்றது, 1971இல் வண்டியும் நின்றது. அந்த மௌத் ஆர்கன் பதிவு மட்டும் இருக்கிறது. கைபேசியில் அதை வைத்திருந்தேன்.

நாலரைக்கே வந்து சாலையோரத்தில் நின்றுகொண்டோம். இப்போது இந்தத் தடத்தில் சரக்கு வண்டிகள் மட்டும் ஓடுகின்றன, அவற்றுக்கு இந்த நேரம் அந்த நேரம் என்று கிடையாது. 5.08 ஆனது. தண்டவாளப் பக்கமிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. பதிவைப் போட்டேன். முதலில் தொலைவில் ஓர் ஊதல், பிறகு சக்கரங்கள் வேகம் பிடிக்கின்றன, நடுவில் மூச்செடுக்கும் இடம்கூடக் கேட்கிறது. கோபுரத்தின் உச்சி விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் இன்னொரு முறை போடச் சொன்னாள்.

இருட்டிய பிறகு அட்லாண்டாவுக்குத் திரும்பினோம். வானொலி 650லேயே இருந்தது. மலை ஏறும்வரை அசைவில்லாத குரல். சட்டனூகாவை நெருங்குகையில் நேரம் ஒரு மணி முன்னே தாவியது. கூடவே பாட்டும் தளும்பத் தொடங்கியது. பிடில் பக்கத்தில் வருகிறது, விலகுகிறது, தண்ணீருக்கு அடியில் போனதுபோல் குழைகிறது. தரையலையும் வானலையும் சந்திக்கும் இடம். ஜார்ஜியா எல்லைக்குள் நுழைந்தபோது ஒலி அறவே அடங்கி இரைச்சல் மட்டும் மிஞ்சியது. மகள் அணைக்கக் கை நீட்டினாள்.

"இரு அம்மா, வரும்" என்றேன்.

அரை மைல் போயிருப்போம். அறிவிப்பாளரின் குரல் பாதி வாக்கியத்தில் மேலே வந்தது. அடுத்த பாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.